இருபது லிட்டர் அரிசி

ஒன்பது நாளாகச் சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது கரண்டியக்காவின் பையை வாசலில் திறந்து பார்க்கிறார்கள். ஒரு குடை, காலி டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடி. வேறொன்றும் கிடையாது. காவலாளிக்கே கூச்சமாகிவிட்டது. "மேலிடத்து உத்தரவுக்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்வான்.

அந்தத் தொழிற்சாலையில் நூற்றைம்பது பேருக்கு மதியச் சோறு அவள் பொறுப்பு. தினமும் இருபது கிலோ அரிசி. பதினொரு வருடத்தில் யாரும் வெறும் தட்டோடு திரும்பியதில்லை. இப்போது வரிசையின் கடைசி இருபத்தைந்து பேருக்குச் சோறு எட்டவில்லை. அண்டாவில் சோறு நாலு விரல் இறங்கியிருக்கிறது என்று மேலாளரிடம் அவளேதான் போய்ச் சொன்னாள். அவரோ சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், "அரிசி எங்க போச்சுன்னு உங்க பையத்தான் கேக்கணும்" என்றார். சிலர் சிரித்தார்கள். யார் யாரென்று அவளுக்குத் தெரியும்.

வழக்கமாக அரிசியை டிரம்மில் போட்டு அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். பத்தாம் நாள் அவளே கிடங்குக்குப் போய் நின்றாள். கிடங்குக்காரர் மூட்டையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளையால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"தராசு எங்கண்ணே?"

"அது மண்டையப் போட்டுப் பத்து நாளாச்சும்மா. மேனேஜர் சார்தான் இந்த லிட்டர் குவளையக் குடுத்தாரு. ஒரு லிட்டர்னா ஒரு கிலோவாம்."

"அது தண்ணிக்குண்ணே! தண்ணியில சந்து கிடையாது. அரிசிக்கு நடுவுல எவ்ளோ காத்து நிக்குது? அந்தக் காத்தையா நான் வடிச்சுப் போடுறது?"

அவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் குவளையயும் குடுங்க."

டிரம்மைக் கைவண்டியில் ஏற்றி நேராகப் பேக்கிங் பிரிவுக்குத் தள்ளினாள். அங்கே அவளுடைய நாத்தனார் எடை போடுகிறாள்.

"என்ன அண்ணி, சோத்தப் பார்சல் கட்டப் போறீங்களா?"

"உங்க சாரோட மூளைய நிறுக்கப் போறேன். தராசக் காலி பண்ணு."

"அதுக்கு நகைக்கடைத் தராசுதான் வேணும் அண்ணி. இதுல முள்ளே அசையாது."

குவளையில் அரிசியைத் தலைதட்டி நிறுத்தார்கள். குவளையின் எடை போக எண்ணூற்று முப்பது கிராம். டிரம்மை நிறுத்தார்கள். டிரம் போகப் பதினாறு கிலோ அறுநூறு. மேலாளர் வருவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி சரி. இனிமே இருபத்தி நாலு குவளை போடச் சொல்லிடறேன். இதப் பெரிசு பண்ணாதீங்க."

"பெரிசு பண்ணது நீங்க. எங்க வச்சுச் சொன்னீங்களோ, அங்க வச்சே சொல்லுங்க. அதுவரைக்கும் அடுப்பு எரியாது."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும் சார். திருடிப் பட்டத்தோட எனக்கு வேலை எதுக்கு?"

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. தட்டோடு வந்தவர்கள் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். கரண்டியக்கா அடுப்புக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூடம் இரைய ஆரம்பித்ததும் மேலாளர் வந்து நின்றார்.

"அளவுல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு…"

"யாரு செஞ்சது?"

அவர் மென்று விழுங்கினார். "நான்தான்."

"அரிசிய யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்."

"அவங்க எடுக்கல! தப்பு என்னோடது! போதுமா?"

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அண்டாவில் தண்ணீர் ஊற்றினாள்.

"எல்லாரும் உக்காருங்க. சோறாக ஒரு மணி நேரம் ஆகும்."

மேலாளர் நழுவப் பார்த்தார்.

"நீங்க எங்க போறீங்க சார்? இன்னும் நாலு குவளை வரணும். போய் அளந்துட்டு வாங்க."