தொண்ணூறு டிகிரி

சாந்த் பாஷா பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததை லைன் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆக்சா பிளேடின் முனையைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கரித்துண்டால் போட்ட வட்டத்தின்மேல் வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் உருகி நூல் நூலாக இழுபட்டது. நாற்றம் சந்து முழுக்க அடித்தது. உள்ளே ஜெய்னப் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்துப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. தையல் பிரித்துக்கொண்டு அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"அதை இங்க கொண்டாங்க," என்றாள்.

அவர் கொண்டுவந்து நீட்டினார். ஓட்டையின் ஓரத்தைச் சுட்டுவிரலால் ஒரு சுற்று தடவினாள்.

"இங்க பிசிறு இருக்குது. இந்தப் பக்கமும்."

"இது என்ன உங்க கம்பெனி பீஸா, செக் பண்றதுக்கு?"

"உட்காரப்போறது நானு."

சாந்த் பாஷா உப்புத்தாளைத் தேடி எடுத்தார். அவள் கணவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு வாரமாகச் சவாரியை விட்டு அவளுடனேயே இருந்தார்.

ஓசூர் சிப்காட்டில் லாரி ஸ்டியரிங்குக்கான பால் ஜாயின்ட் செய்யும் கம்பெனியில் ஜெய்னப்புக்கு ஒன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கான்ட்ராக்டில்தான். கிண்ணத்துக்குள் இரும்புப் பந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து நாலு பக்கமும் சுழற்றிப் பார்த்து, எங்கே இறுகுகிறது, எங்கே ஆடுகிறது என்று கையாலேயே சொல்லிவிடுவாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் செயற்கை மூட்டின் மாதிரியைக் காட்டியபோது, பயத்தில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது எங்க பால் ஜாயின்ட்தான சார்?"

"கிட்டத்தட்ட அதேதான்மா."

"கிரீஸ் வேணாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். எத்தனை வருடம் வரும், எவ்வளவு எடை தாங்கும், மழைக்காலத்தில் சத்தம் போடுமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். கடைசியாக, "பந்து கழண்டு வருமா சார்?" என்றாள்.

"தொண்ணூறு டிகிரிக்கு மேல மடக்கினா வரும். குத்துக்கால் போடக் கூடாது. தாழ உட்காரக் கூடாது. தொழுகைகூட நாற்காலிலதான்."

"எத்தனை நாளைக்கு?"

"குத்துக்காலை இனிமே மறந்துடுங்கம்மா."

எட்டு வீடுகளுக்கு இரண்டு கக்கூஸ் இருந்தன. அதில் ஒன்றில், பேசின்மேல் பொருந்துகிறமாதிரி நாற்காலியைப் போட்டார்கள். மற்றவர்கள் போகும்போது எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பேச்சு. பத்து நாள் கழித்து, தான் போவதற்கு முன்பே நாற்காலி ஈரமாக இருப்பதை ஜெய்னப் கவனித்தாள். விசாரித்ததில் கடைசி வீட்டு திம்மப்பன் என்று தெரிந்தது. செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், இரண்டு முட்டியிலும் வலி.

"தப்பா நெனைக்காதம்மா. உட்கார்ந்து எழுந்தா சொர்க்கமா இக்கிது," என்றார்.

"அதனால என்ன, கழுவி வெச்சுடுங்க," என்றாள் ஜெய்னப்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்தாள். சந்தின் முனை வரைக்கும், பிறகு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தாள். பக்கத்து வீட்டு முனிலட்சுமி வரும்போதெல்லாம் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவளும் அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தாள்.

"இம்மாம் பெரிய ஆணிய வெச்சுகினு எப்டிக்கா தூங்கறே?"

"அது பாட்டுக்கு அது தூங்குது, என் பாட்டுக்கு நானு."

ஏப்ரலில் கான்ட்ராக்டர் மறுபடி வரச்சொன்னார். உட்கார்ந்து பார்க்க உயரமான ஸ்டூல்கூடக் கொடுத்தார்கள். முதல் நாள் பத்து மணிக்கு, பெண்கள் கழிப்பறைக்குப் போன பிறகுதான் ஜெய்னப் அதைப் பார்த்தாள். ஆறு கதவுகளையும் வரிசையாகத் திறந்தாள். ஆறு பேசினும் தரையோடு தரையாக இருந்தன. ஒன்பது வருடம் போய் வந்த இடம்.

விஷயத்தைக் கேட்ட முனிலட்சுமி, "ஆபீஸ் பில்டிங்ல வெஸ்டர்ன் இருக்குதுக்கா. நான்தான் கழுவறேன். பத்தரைக்கு எல்லாரும் மீட்டிங் போயிடுவாங்க. நான் வாசல்ல மாப்பு போட்டுகினு நிக்கறேன், நீ போயிட்டு வந்துடு," என்றாள்.

உள்ளே எலுமிச்சை வாசனை அடித்தது. கையை நீட்டியதும் குழாய் தானாகத் தண்ணீர் விட்டது. ஜெய்னப் கையை இழுத்தாள், நின்றது. மறுபடி நீட்டினாள். உட்கார்ந்தபோது முட்டி இடுப்புக்குக் கீழேயே நின்றது. எழுந்த பிறகு, தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று கைத்தடியை வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள்.

பதினோரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் அவள் வெளியே வரும்போது, மனிதவளப் பிரிவு அதிகாரி அனிட்டா கை கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் முனிலட்சுமி தலையைக் குனிந்து நின்றாள்.

ஜெய்னப் எல்லாவற்றையும் சொன்னாள். அனிட்டா முழுவதும் கேட்டாள்.

"எந்தப் பக்கம்கா? இன்னும் வலிக்குதா?"

"வலது மேடம். நடந்தா தெரியல."

"எங்க மாமனாருக்கும் பண்ணாங்க. அவருக்காக வீட்ல பாத்ரூமையே இடிச்சுக் கட்டினோம். நான் மேல பேசிப் பாக்கறேன். டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க வராதீங்க. ஒருத்தரை விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"வீட்ல ஓட்டை போட்ட நாற்காலி இருக்குது மேடம். எங்க பாத்ரூம்ல கொண்டாந்து போட்டுக்கட்டுமா?"

"ஆடிட் வர்ற இடம்கா. பாத்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டு நாளில் லெட்டர் வாங்கிவந்தாள். அனிட்டா அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு மடித்து அவளிடமே நீட்டினாள்.

"இதை ஃபைல்ல வெச்சா கஷ்டம் உங்களுக்குத்தான். குனியக் கூடாது, தாழ உட்காரக் கூடாதுன்னு எழுதியிருக்காரு. அன்ஃபிட்னு சொல்லி கான்ட்ராக்டர் நிறுத்திடுவாரு. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க மேடம்," என்று ஜெய்னப் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் கழிப்பறைக் கதவில் கார்டு காட்டித் திறக்கும் பூட்டு மாட்டியிருந்தார்கள். முனிலட்சுமியை ஸ்கிராப் யார்டு கூட்டுவதற்கு மாற்றிவிட்டார்கள். "வெயில்தான் தலைய பொளக்குது. மத்தபடி நல்லாத்தான்கா இருக்குது," என்றாள் அவள், ஜெய்னப்பின் முகத்தைப் பார்க்காமல்.

காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால் ஜெய்னப் வீடு திரும்ப ஆறரை ஆகும். எவ்வளவு குடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவள் பார்க்கத் தொடங்கினாள். எழுந்ததும் ஒரு தம்ளர் குடித்தால் பதினோரு மணிக்கே மூத்திரம் முட்டியது. அரைத் தம்ளர் மூன்று மணி வரைக்கும் வந்தது. மூன்று மடக்கு என்றால் வீடு வரைக்கும் தாங்கியது. மோர் ஆகாது, டீ ஆகவே ஆகாது. மதியச் சோற்றைக் குழம்பில்லாமல் பிசைந்து தின்றாள். மாலையில் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது.

"நோன்பு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எதுக்கு இப்படி வாயக் கட்டிகினு இருக்கறே?" என்றார் சாந்த் பாஷா.

"பழகிடுச்சு."

"வேலைய விட்டுடு."

"விட்டுட்டு? நாப்பத்தேழு வயசுல, கையில தடியோட எந்தக் கேட்ல போயி நிக்கட்டும்?"

அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

மே மாதம் கம்பெனியில் கோடைக்காலப் பாதுகாப்பு வாரம் வந்தது. நண்பகல் பன்னிரண்டுக்கு லைனை நிறுத்தி, எல்லாரையும் ஷெட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கவைத்தார்கள். ஆளுக்கொரு நீலப் பாட்டில் நிறையத் தண்ணீருடன் கொடுத்தார்கள். அனிட்டா மைக்கில், ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும் என்றும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னாள். ஜெய்னப்பைக் கண்டதும் கைபிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்தாள்.

"அக்கா இங்க நிக்கட்டும். எல்லாரும் மூடியைத் திறங்க. ஒண்ணா குடிக்கணும், கேமராவைப் பாத்து."

நூற்றிருபது பேர் பாட்டிலைத் தூக்கினார்கள். ஜெய்னப்பும் தூக்கினாள். தண்ணீர் சில்லென்று நாக்கை நனைத்து, மேலண்ணத்தைத் தொட்டு, இரண்டு கன்னத்தையும் நிறைத்தது.

"அப்படியே இருங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்," என்றார் படம் எடுத்தவர்.

கேமரா மூன்று முறை கிளிக் என்றது. அனிட்டா படத்தைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றாள். ஆட்கள் சிரித்துப் பேசியபடி உள்ளே கலைந்தார்கள். ஜெய்னப் தடியை ஊன்றி, உதட்டை இறுக்கியபடியே ஷெட்டின் ஓரத்தில் இருந்த கை கழுவும் தொட்டி வரைக்கும் நடந்தாள். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தொண்ணூறு டிகிரியைத் தாண்டாமல் குனிந்து, வாயிலிருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் தொட்டிக்குள் விட்டாள்.