வெண்ணெய்க் கண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, இதய நோயைத் தடுக்க ஊருக்கு ஒரு தொண்டர் வேண்டும் என்று நகரத்திலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். என் ஆரோக்கியத்தைப் பார்த்து அல்ல. பின்லாந்தின் இந்த வட கரேலியாவில் வாயைத் திறக்கும் ஆண்கள் குறைவு. எங்கள் ஊருக்கு நான் ஒருவன்தான்.

இரண்டு நாள் பயிற்சி தந்து, கொழுப்பு அடைத்த ரத்தக் குழாயின் படம் ஒன்றும் ஒரு கட்டுப் படிவங்களும் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் காட்டிய முதல் வீட்டிலேயே, இது எந்தக் கடை சாசேஜ் என்று கேட்டார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'ரொட்டியில் என்ன தடவுகிறீர்கள்?'

என் அண்ணன் கௌக்கோ நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒன்றும் தடவுவதில்லை என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். பொய்யில்லை. பல் போனதிலிருந்து அவர் ரொட்டி பக்கமே போவதில்லை. அரிசி வைத்துச் சுட்ட பணியாரத்தை உருக்கிய வெண்ணெயில் முக்கித்தான் சாப்பிடுவார். காலையில் பார்லிக் கஞ்சி. அதன் நடுவில் கரண்டியால் குழி பறித்து, அதில் ஒரு கட்டி வெண்ணெய். உருகி மஞ்சளாக நம்மையே பார்க்கும். அதற்கு வெண்ணெய்க் கண் என்று பெயர். முக்குவது தடவுவதாகுமா? கண் ரொட்டியிலா இருக்கிறது? எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். நாற்பத்திரண்டு வீட்டிலும் இதே கதை. படிவங்களின்படி பார்த்தால் ஊரே வெண்ணெயைத் துறந்துவிட்டது. நகரத்தில் என்னைப் பாராட்டினார்கள். எங்கள் பசுக்கள் பிறகு யாருக்காகக் கறக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். அப்பா நாற்பத்தெட்டு வயதில் புல் அறுக்கும்போது விழுந்தார். மூத்த அண்ணன் நாற்பத்தேழில், காட்டில், ரம்பம் கையில் இருக்கும்போதே. மிச்சம் நாங்கள் இருவர். கௌக்கோவுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தொன்பது. இலையுதிர் காலம் முதல் கௌக்கோ விறகு பிளக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு நிற்கிறார். கேட்டால், ஏரியைப் பார்க்கிறேன் என்கிறார். பிறந்ததிலிருந்து அங்கேயே கிடக்கும் ஏரி.

பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் வியாழக்கிழமை வந்தது. போன மாதம் பசுவைப் பார்க்க வந்த டாக்டர் தன்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டார், அது போதும் என்று கௌக்கோ சொல்லி அனுப்பியிருந்தார். நான் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வந்தவன் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சியை வைத்தார். கண் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்றால் அந்த வீட்டையே அவமதித்ததாகும். ஊருக்கெல்லாம் படம் காட்டிய தொண்டன் குனிந்து சாப்பிட்டேன்.

பாதிக் கஞ்சியில், "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

எங்கள் ஊரில் ஓர் ஆண் இப்படிச் சொல்வதும், பூட்சோடு சௌனா என்ற நீராவிக் குளியலறைக்குள் நுழைவதும் ஒன்று. கௌக்கோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"கையில பட்டையைச் சுத்தி அமுக்குவாங்களே, அதுக்கு. தனியாப் போக முடியல."

"ஊருக்கெல்லாம் சொல்ற. நீ இன்னும் பாத்துக்கலியாடா?"

"சொல்றதுதான் என் வேல. பாத்துக்கறது ஊரோட வேல."

அவரைக் கிளப்ப வழியில் யோசித்துவைத்த தந்திரம்தான் அது. ஆனால் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அது தந்திரத்தில் இல்லை.

கௌக்கோ எழுந்து தொப்பியை எடுத்தார். "கைய வேணா புடிச்சிக்கோ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நர்ஸ் ஹெல்வி முதலில் அவருக்குப் பார்த்தார். நூற்று எழுபது. பிறகு எனக்கு. காற்றை அடித்தார், இறக்கினார், மறுபடி அடித்தார், கையை மாற்றினார். இருநூறு.

"உங்க ஊர்ல இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒருத்தர் இருக்காராமே, அவர் உங்க வீட்டுக்கு வரலியா?" என்று கேட்டார்.

"வருவாரு. தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாரு" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். கௌக்கோ சிரிக்கவில்லை. என் முகத்தை அவர் ஏரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, முக்குவது, குழி, கண் எல்லாவற்றையும் எங்கள் இருவர் சார்பிலும் நர்ஸிடம் சொல்லி முடித்தார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அது. இருவரும் திங்கட்கிழமை டாக்டரிடம் வர வேண்டும் என்று ஹெல்வி அட்டை எழுதிக் கொடுத்தார். நான் அவரிடம் என் நாற்பத்திரண்டு படிவங்களை நகரத்திலிருந்து திரும்ப வாங்கித் தரச் சொன்னேன். இந்த முறை, வெண்ணெய் எங்கெல்லாம் போகிறது என்று கேட்க வேண்டும்.

மறுநாள் காலை கௌக்கோ என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். என் மனைவி சய்மி பழக்கதோஷத்தில் என் கஞ்சியில் கண் வைத்திருந்தாள். அவர் கரண்டியை நீட்டி அதைத் தோண்டிப் பூனையின் தட்டில் போட்டார்.

"உன் கிண்ணத்த யாரு பாக்கறது?" என்றேன்.

"நாளைக்கு நீ வா."

போகிறேன். ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே. கண்ணில்லாத கஞ்சியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருகிறோம். அவர் என் கிண்ணத்தைப் பார்க்கிறார். நான் அவர் மூச்சை எண்ணுகிறேன். இரண்டு வீட்டுப் பூனைகளும் நன்றாகக் கொழுத்துவிட்டன. அவற்றுக்கும் ஒரு படிவம் கேட்டிருக்கிறேன்.