நயினார் கையில் இருக்கும் பாதி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஆரியசாலையில் சாக்குக் கடை வைத்திருக்கும் தாணு சொன்னது. அவன் சொன்னால் டீக்கடையில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் பேப்பரை விரிக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதிவிட்டால் என்னுடையது ஆகிவிடும் அல்லவா?

முதல் வரி இப்படி: 'ராஜையன் பலகையைத் தட்டினால் அது தான் பிறந்த காட்டைப் பற்றி அவனிடம்...'

வேண்டாம். பலகை பேசாது. ராஜையன் கட்டில், மேஜை செய்கிறவன். மாண்டலின் செய்வது ஆசைக்கு. அந்த ஆசையில்தான் வினை.

2

செய்து முடித்த மாண்டலினைத் துணியில் சுற்றி ஸ்ரீவராகத்துக்குக் கொண்டுபோனான். அங்கே பாகீரதி மாமி. அந்தப் பக்கத்தில் மாண்டலின் என்றால் அவள்தான். கம்பியில் நாலு தட்டுத் தட்டினாள். மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டாள்.

"பாக்க லட்சணமா இருக்கு, ராஜையன். வாயைத்தான் திறக்க மாட்டேங்கறது."

"நல்ல பலாவாக்கும் மாமி. வீணைக்கு எடுக்கிற மரம்."

"முதுகு பலா, சரி. முன்பலகை தேக்குன்னா வெச்சிருக்கேள்? வாசக்கதவா இது? நயினார் என்னமோ வெள்ளை மரம் போட்டுப் பண்ணியிருந்தார், கேட்டேளா, விரல் பட்டாப் போறும்."

நயினாரும் மரவேலைக்காரன்தான், கரமனைக்காரன். அவன் பெயரைக் கேட்டதும் ராஜையன்...

(இந்த இடத்தில் தாணு தன் முகத்தை ஒரு மாதிரி கோணிக் காட்டுவான். கூட்டம் சிரிக்கும். காகிதத்துக்கு முகம் கிடையாது. ராஜையனுக்கு வயிறு எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"நவராத்திரிக்கு எனக்குப் புதுசு வேணும். நல்ல முன்பலகை போட்டு யார் கொண்டு வந்தாலும் அதைத்தான் வாசிப்பேன்" என்றாள் மாமி.

3

அந்த வெள்ளை மரம் எங்கே கிடைக்கிறது என்று நயினார் சொல்ல மாட்டான், இவனும் கேட்க மாட்டான். ஒரு நாள் நயினார் பஸ் ஏறுவதைப் பார்த்து, ராஜையன் பின்வாசலில் ஏறினான். கழக்கூட்டத்தில் அவன் இறங்க, இவனும் இறங்கினான்.

போன இடம் சபீனாவின் ஆக்ரிக்கடை. பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கிற கடை. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த மரப்பெட்டிகளை உடைத்துப் பின்பக்கம் அடுக்கியிருந்தார்கள். நம் ஊர் மரமே இல்லை. லேசான பலகை. வரிகள் தலைமுடி சீவினதுபோல நேராக, நெருக்கமாக ஓடின.

ராஜையன் ஒவ்வொன்றாக மூலையில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்தான். எல்லாம் தொப் தொப். ஒன்று மட்டும் ணங் என்று நின்று அடங்கியது. அதை இழுத்தான், வரவில்லை. மறுமுனையில் நயினாரின் கை.

"என்ன அண்ணாச்சிமாரே, அடுப்பு விறகுக்கு நாடி பாக்குதீங்க?" என்றாள் சபீனா. "ஒண்ணு சொல்லுதேன். இங்க முதல்ல கை வச்சவங்களுக்குத்தான் சாமான். ரெண்டு கையும் ஒண்ணா வச்சா நான் எந்து செய்ய?"

மாண்டலினுக்கு வேண்டிய அகலம் எந்தப் பெட்டிப் பலகையிலும் இருக்காது. நீளத்தில் பாதியாக அறுத்து, இரண்டு துண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டினால்தான் ஒரு முன்பலகை. இரண்டும் ஒரே பலகையிலிருந்து வரவேண்டும். வேறு மரத்தைச் சேர்த்தால் மழைக்காலத்தில் ஒன்று ஈரம் இழுக்கும், மற்றது இழுக்காது, நடுவில் பிளக்கும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ராஜையா, சேந்து ஒண்ணு செய்வோம்வே" என்றான் நயினார். "முன்பலகையை நான் இழைக்கேன். கழுத்து வேலை நீரு பாரும். உம்ம அளவுக்கு அது எனக்கு வராது."

(நயினார் இப்படிச் சொன்னானாம். தாணு சொல்கிறான். நான் நம்பவில்லை. எந்த மனுஷன் போட்டிக்காரனிடம் இப்படிப் பேசுவான்? அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடித்தால் ராஜையன் அடுத்துச் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. திரும்ப எழுதிவைத்தேன், மனசில்லாமல்.)

"செஞ்சா யாரு செஞ்சதும்பாவ? நயினார் செஞ்சதும்பாவ. ராஜையன் பக்கத்துல நின்னு பசை காய்ச்சினாம்பாவ. அறும்வே. ஆளுக்குப் பாதி."

"அறுத்தா உமக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"தெரியும். அறும்."

சபீனாவே மரம் அறுக்கும் வாளை எடுத்துக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் ராஜையன் தன் பாதியை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தான். நயினாரிடம் மற்றப் பாதி வீணாகக் கிடக்கும் என்ற சந்தோஷம். அப்படி ஒன்று உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று என்னிடம் நடிக்க வேண்டாம்.

4

இதற்கு மேல் தாணு சொல்லவில்லை. நான் எழுதுவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "மிச்சத்த நீங்களே இழைச்சு ஒட்டுங்க அண்ணாச்சி" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். ஒட்டிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ராஜையன் வேறொரு பலகை தேடிப்பிடித்துத் தன் பாதியோடு சேர்த்து... பொய். பிளக்கும் என்று நான்தானே மேலே எழுதினேன்.

முடிவு இரண்டு: நயினார் தன் பாதியைக் கொண்டுவந்து நீட்டி, 'நீரே செய்யும்வே' என்று... இவனை இதற்கு மேல் நல்லவனாக்க என்னால் ஆகாது.

முடிவு மூன்று: நவராத்திரி நெருங்குகிறது. மாமியிடம் இரண்டு பேருமே போகவில்லை. ராஜையன் தன் பாதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கரமனைக்குப் போகிறான். வாசலில் நிற்கிறான். கேட்க வந்தானா, கொடுக்க வந்தானா என்று அவனுக்கே தெரியாது. நயினாரின் மனைவி ராஜபாய் எட்டிப்பார்க்கிறாள்.

"யாரு, ராஜையன் அண்ணனா? ஏன் வெயில்ல நிக்கிய? உள்ள வாங்க. கையில என்ன அது?"

'நயினாருக்குத்தான் கொண்டு வந்தேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். மாண்டலின் பாடும். மாமி வாசிப்பாள். ஊர் நயினார் பெயரைச் சொல்லும்.

என் கை அதை எழுதாது. உங்களுக்கு அந்த மனசு இருந்தால் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், ராஜபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"..............."