உச்சிவெயிலில் ஓட்டுக் கேட்பவர்

அரசியல் சாசனம் தெரியாத வேட்பாளருக்கு அந்த ஊரில் நிழல் விழுவதில்லை. பாதி தெரிந்தால் பாதி விழும். அதனால் மனு கொடுக்க வருபவரைத் தேர்தல் அலுவலக முற்றத்து வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வார்கள். சந்தையில் எடைக்கல்லைச் சரிபார்க்கிற மாதிரி, இதில் யாருக்கும் வருத்தமில்லை.

கடைத்தெருவை இடித்துச் சாலை போடப்போவதாகப் பேச்சு அடிபட்ட வருஷம், ஜவுளிக்கடைக்காரர் தேர்தலில் நிற்கத் துணிந்தார். ஜெயித்தால் கடை பிழைக்கும் என்பது கணக்கு. சாசனப் புத்தகத்தை வாங்கி, துணிச் சுருளைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். முன்முனையைப் பிரித்து வாசித்தார், பின்முனையைப் பிரித்து வாசித்தார், மூடிவிட்டார். இரண்டு முனையும் ஒழுங்காக இருந்தால் நடுவில் என்ன கெட்டுவிடப் போகிறது?

முற்றத்தில் நிழலின் தலை விழுந்தது, கால் விழுந்தது. இடையில் வெறும் வெயில். அலுவலகப் பூனை அங்கே வந்து சுகமாகப் படுத்துக்கொண்டது.

"வயித்தைக் காணோமேண்ணே" என்றார் தேர்தல் அதிகாரி அம்மாள்.

"தலையும் காலும் சுத்தமா இருக்குல்ல? நடுவுல கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா."

"நடுவுல கிழிஞ்ச துணியை நீங்க குடுத்தா நான் வாங்கிப்பேனா? நாளைக்கு மூணு மணிதான் கடைசி."

கடைக்குத் திரும்பியவரைப் பார்த்து மனைவி, "என்னையும் இப்படித்தான் மேலோட்டமாப் பாத்துக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குத் துணி கிழித்தபடியே அவரை வாசிக்க வைத்தாள். நடுப்பக்கங்களில்தான் வில்லங்கம் இருந்தது. சட்டமில்லாமல் ஒருவர் சொத்தைப் பிடுங்க முடியாதாம். அது நல்ல சேதி. ஆனால் சபையில் ஒற்றை உறுப்பினர் கையசைத்து எதையும் நிறுத்தவும் முடியாதாம். 'நான் வந்தால் கடைத்தெருவை எவனும் தொட முடியாது' என்று அவர் முன்பே அச்சடித்து வைத்த சுவரொட்டிகள் கடை மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

மறுநாள் நிழல் முழுசாக விழுந்தது. பூனை எழுந்து வேறு இடம் தேடிப் போனது.

முதல் கூட்டத்தில், பழக்க தோஷத்தில், சுவரொட்டி வாசகத்தையே அவர் ஆரம்பித்தார். பாதி வாக்கியத்திலேயே மேடையில் நிழலின் வயிறு வெளுக்கத் தொடங்கியது. முன்வரிசையில் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"இடிக்கிறதை நிறுத்த என் ஒருத்தனால ஆகாதுங்க" என்றார் அவர். "எந்தச் சட்டப்படி இடிக்கிறீங்கன்னு சபையில எழுந்து கேக்க முடியும். பதில் வர்ற வரைக்கும் உட்கார மாட்டேன். அவ்வளவுதான் சரக்கு."

நிழல் கெட்டிப்பட்டது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வியாபாரிகள். சரக்கின் சொத்தையைத் தானே காட்டி விற்பவனை அவர்களுக்குத் தெரியும். எதிர்த்து நின்றவரோ மேம்பாலம், விமான நிலையம் என்று வாரி வழங்கினார். ஆனால் கூட்டமெல்லாம் உச்சிவெயிலில், நிழல் காலடியில் சுருண்டுகிடக்கிற நேரத்தில் மட்டும்.

ஜவுளிக்கடைக்காரர் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சொன்னபடி எழுந்து கேட்டார். பதில் வரவில்லை, அவரும் உட்காரவில்லை. இரண்டு பதவிக்காலம் நின்றே கழிந்தது. சாலை கடைத்தெரு முனைவரை வந்து, வளைந்து வேறு பக்கம் போனது.

இப்போதும் அந்தத் தெருவில் உச்சிவெயிலில் ஓட்டுக் கேட்டு வருபவருக்குத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாக ஒன்று சொல்வார்கள்: "நாலு மணிக்கு மேல வாங்க, பேசலாம்."