உசரமான ஊடு

மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்த பக்கத்துக் காட்டுப் பாவாயி, பாதி ஒப்பாரியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம் பொன்னாயி, சீலிங்கு எங்க போச்சு?"

பொன்னாயிக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுபோனது. நேற்றிலிருந்து வருகிற சனமெல்லாம் இப்படித்தான். கீழே கிடத்தியிருக்கும் அவள் புருசன் காளியண்ணனுக்கு ஒரு பார்வை, மேலே ஓட்டுக்கு ஒன்பது பார்வை. செத்தவரைப் பார்க்க வந்தார்களா, கொத்து வேலை பார்க்க வந்தார்களா?

பலகை சீலிங்கைப் பிரித்து ஓட்டுக் கூம்பு வரைக்கும் திறந்துவிட்டால், அருவி பார்க்க வருகிற டவுன்காரர்கள் இந்த ஒத்தை அறை ஊட்டை வாடகைக்குக் கேட்பார்கள் என்று எவனோ காளியண்ணனுக்கு ஓதிவிட்டான். சீலிங்கின் மேல்தான் பொன்னாயியின் சாமை மூட்டைகள் இருந்தன.

"ஒரு பலகையத் தொட்டீங்க, உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள்.

தொட்டார். பேசவில்லை. நாலு நாள் ஓடிவிட்டது. நேற்றுக் காலை கடைசிப் பலகையைக் கழற்றிவிட்டு, "எவ்வளவு உசரம், வந்து பாரு புள்ள" என்று கூப்பிட்டார். இவள் வெளித் தாழ்வாரத்து அடுப்படியை விட்டு நகரவில்லை. டீயைக் கொண்டுவந்து நக்கென்று வைத்தபோது, சுவரில் சாய்ந்திருந்த மனுசனுக்கு மூச்சு இல்லை. ஒரு எட்டு வந்து பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று ராத்திரியெல்லாம் தன்னையே வைதுகொண்டாள்.

வெளியே மழை விடுவதாக இல்லை.

"தேர்ப்பாடைய உள்ளயே கட்டிரலாம் அண்ணி. அதான் இவ்வளவு எடமிருக்கே" என்றான் கொழுந்தன் மாணிக்கம்.

இடம் கண்ட குஷியில் மூங்கிலை வளைத்து, சாமந்தியைச் சுற்றி, மூன்று அடுக்கு ஏற்றிவிட்டார்கள். குண்டனி நாட்டு மலையூர்களில் எவனுக்கும் இப்படியொரு தேர் கட்டியதில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். காளியண்ணனைக் கிடத்தி, தூக்கி, வாசல் வரைக்கும் போய் நின்றார்கள்.

தேர் வாசல் நிலையைவிட இரண்டு முழம் உசரம்.

பறை நின்றது. காளியண்ணனுக்குப் பலகை கழற்றக் கைகொடுத்த ஆசாரி சின்னராசு தலையில் அடித்துக்கொண்டான்.

"அளந்து கட்டக் கூடாதுங்களா?"

"அளந்துதான் கட்டுனோம்" என்றான் மாணிக்கம். "ஓட்டுக்கு அளந்தோம்."

யாரோ சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்தினார்கள். சின்னராசு ரம்பத்தை எடுத்தான். "மேலடுக்க அறுத்துரலாங்க."

பொன்னாயி எழுந்தாள். "தேர்ல கைய வெக்காத. நிலையப் பேத்துட்டு மேல இருக்கற செவுத்த இடி."

"செவுத்தயா? அண்ணி, மழையில ஊடு தொறந்து கெடக்குமுங்க."

"கெடக்கட்டும். உசரம் வேணும்னுதான கேட்டாரு. அதயும் நான் கொறச்சு அனுப்பவா?"

கடப்பாரையை எடுத்து முதல் குத்து அவளே குத்தினாள். மண் சுவர், பொலபொலவென்று உதிர்ந்தது. மீதியைச் சின்னராசு பார்த்துக்கொண்டான். ஒரு பூ கசங்காமல் காளியண்ணன் வெளியே போனார்.

பறைச்சத்தம் வளைவில் தேய்ந்ததும், பாவாயி ஒரு தார்ப்பாயைத் தேடி எடுத்துவந்து, "கட்டி உடட்டுமா பொன்னாயி?" என்றாள்.

பொன்னாயி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இடிந்த சுவர் வழியாக மேகம் உள்ளே வந்து, மெல்ல ஓட்டு வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது.