மாறாத முப்பத்து நான்கு

எங்கள் ஊரில் பெண்ணின் மார்புச் சுற்றளவு மாறுவதில்லை, அங்குலந்தான் மாறும். திருமணத்துக்கு முந்தைய வாரம் உள்ளாடைக் கடையில் ஒரு முறை அளந்து, சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதன்பின் எக்காலத்திலும் கடையில் அந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும். என் எண் முப்பத்து நான்கு.

கருவுற்ற ஏழாம் மாதத்தில் என் பிராவின் கடைசிக் கொக்கியும் எட்டாமற்போயிற்று. இழுத்து மாட்டினால் விலாவைச் சுற்றிச் சிவந்த தடம் விழுந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆகவே கடைக்குச் சென்றேன்.

கடைப்பெண் மெர்சி எண்ணைக் கேட்டாள். சொன்னேன்.

“அங்குலத்தைப் பெருசாக்கணும்க்கா” என்று சொல்லி, மேல்தட்டிலிருந்து வேறொரு டேப்பை எடுத்தாள். அதன் ஒவ்வோர் அங்குலமும் பழைய அங்குலத்தைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம். அதனால் அளந்தபோது முப்பத்து நான்கு சரியாக வந்தது.

“ஒரு வீட்டுக்கு ஒரு டேப்புதான்க்கா. பழசைத் திருப்பிக் குடுத்துடணும். அதுல அளந்ததெல்லாம் குட்டையாயிடும். வீட்ல அளந்து வச்சது என்னென்ன இருக்கு?”

ஜன்னல் திரை, தொட்டில் கயிறு, கணவர் என்று வரிசையாகச் சொன்னேன். என் உயரத்தை இதுவரை எவரும் அளந்ததில்லை. ஆகவே அது குறையாது. என் கணவர் கதிரேசன் தீயணைப்பு நிலையத்தில் ஏணிப் பிரிவில் இருக்கிறார். ஏணிக்குக் குறைந்தது ஐந்தடி ஐந்து அங்குலம் வேண்டும். அவர் ஐந்தடி எட்டு அங்குலம்.

“ஏழரை அங்குலம் இறங்குவாரு. எதுக்கும் கேட்டுக்கிட்டு வாங்க” என்றாள் மெர்சி.

கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன் இருக்கு. பிள்ளை பொறக்குற வரைக்கும் பழசையே போட்டுக்கக் கூடாதா?”

“போட்டுக்கலாமே. நாளைக்கு நீங்க போட்டுக்கிட்டுப் போங்க.”

இது நியாயமான ஏற்பாடாக இருவருக்கும் பட்டது. மறுநாள் அவர் என் பழைய பிராவைச் சீருடைக்குள் அணிந்து பணிக்குச் சென்றார். கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். மாலையில் திரும்பியவர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் அமர்ந்தார்.

“ஸ்டேஷன்ல ஏதாவது சொன்னாங்களா?”

“பிராவோட தோள்பட்டி முறுக்கிக்கிட்டிருக்குன்னு ஆபீசர் சரி பண்ணிவிட்டாரு.” குனிந்து செருப்பைக் கழற்றினார். “நாலாவது படியில மூச்சு நின்னுபோச்சு.”

“எனக்கு ரெண்டு மாசமா நிக்குது.”

“டேப்பை மாத்திடு.”

மறுநாள் கடையில் மெர்சி பழைய டேப்பை வாங்கிக்கொண்டு, பல பெட்டிகளைத் திறந்தாள். கம்பி வைத்தவற்றைத் தானே ஒதுக்கினாள், பால் கட்டிக்கொள்ளுமாம். சரிகைப் பூ வேலை செய்தவற்றை நான் ஒதுக்கினேன். எஞ்சியவை அகலமான தோள்பட்டியுள்ள பருத்திப் பிராக்கள். முன்மூடியை ஒரு கையால் திறக்கலாம். “இன்னொரு கையில பிள்ளை இருக்கும்ல” என்றாள். கைகளை உயர்த்தச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். அடிப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

“இப்பக் கடைசிக் கொக்கியில சரியா இருக்கணும்க்கா. பிள்ளை பொறந்து விலா இறங்கினதும் உள்கொக்கிக்கு வந்துக்கலாம். இப்ப மூச்சு விடுங்க.”

விட்டேன். எதிரே தொங்கிய நைட்டிகள் அசைந்தன.

மூன்று பிராக்களை நாளிதழில் சுற்றிக் கொடுத்தாள். டேப்பை மாற்றியதில் மீந்த கணவரின் ஏழரை அங்குலத்தைத் தனியே சுற்றி, “வெயில் படாம வைங்க. பால் மறக்கடிச்சதும் பொருத்திக்கலாம்” என்றாள். வீட்டுக்கு வந்து அதை அலமாரியில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஆய்வின்போது அலுவலர் அவரை அளந்தார். “வீட்ல எத்தனாவது மாசம்?” என்று மட்டும் கேட்டு, ஏணியிலிருந்து தொலைபேசிக்கு மாற்றினார். அங்குலங்களுடன் திரும்பி வந்தால் ஏணி மீண்டும் கிடைக்கும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. அவர் அதை மடித்துப் பொட்டலத்தோடு வைத்தார். வாரம் ஒரு முறை எடுத்துப் படித்தார்.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாகப் பால் குடித்தாள். பதினாறாம் நாள் தொட்டிலில் இட்டோம். கயிறும் குட்டையாகியிருந்ததால் தொட்டில் மிக உயரத்தில் நின்றது. எனக்குக் குழந்தை தெரிந்தாள். அவருக்குத் தொட்டிலின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. கையை உயர்த்தித் தொட்டிலை ஆட்டினார். எப்போதும் இடப்பக்கம் சற்று அதிகமாகத் தள்ளினார்.

“முழிச்சிருக்காளா?”

“தூங்குறா.”

“எப்படித் தூங்குறா?”

சொன்னேன். ஒரு கை காதருகில் இருக்கிறது, மற்றது மூடியிருக்கிறது, உதடு இன்னும் பால் குடிப்பதுபோல் அசைகிறது. மூன்று நாள் இவ்வாறு சொல்லிவந்தேன். நான்காம் நாள் காலை அவர் அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துவந்தார்.

“இதைக் கயித்துல சேர்த்து முடிஞ்சிடு.”

“முடிஞ்சா அவுக்க வராது. ஏணி?”

“போன் எடுத்தாலும் தீ அணையத்தான் செய்யுது.”

முக்காலியில் ஏறி ஏழரை அங்குலத்தையும் கயிற்றோடு சேர்த்து இரட்டை முடிச்சிட்டேன். தொட்டில் அந்த அளவுக்குக் கீழே இறங்கிற்று. குதிகாலை உயர்த்தி அவர் உள்ளே பார்த்தார். பணிக்கு அரை மணி நேரம் தாமதமாகச் சென்றார்.

அவர் சென்றபின் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் இட்டேன். சிணுங்கினாள். நான் கை வைப்பதற்குமுன் தொட்டில் ஆடத் தொடங்கியது; இடப்பக்கம் சற்று அதிகமாகச் சென்றது. நான் முன்மூடியை மாட்டி, அடிப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.