அம்மிக்கு இந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆகாயத்தில் மணிக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிற மனுஷன், லீவில் திரேஸ்புரத்துக்கு வந்துவிட்டால் வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்து தேய்ப்பார். இனிகோவுக்குக் காலில் சக்கரம் என்று தெருவே சொல்லும். எழுபத்துநாலாம் வருஷம் மாசியில் அந்தச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகவே சுற்றியது.

காரணம் இருந்தது. இமயமலைக்குள்ளே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இவருடைய கம்பெனி விமானம் இறங்குகிற ஊர் ஒன்று உண்டு. எல்லா பைலட்டையும் அங்கே விட மாட்டார்கள். பழகின கேப்டனோடு பல தடவை போய்வந்து மலையையும் காற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் இவர் ஓட்ட, சோதனை போடுகிற கேப்டன் வலது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் தனியாகப் போகலாம். அதுவும் காலையில் மட்டும். உச்சிக்குமேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பேயாட்டம் போடுமாம். சில மாதம் போகாமல் இருந்துவிட்டால் பாடம் மறுபடி முதலிலிருந்து. சளி, காதடைப்பு என்று ஏதாவது இருந்தால் விமானத்துப் பக்கமே போகக்கூடாது. எந்த மாமியாரும் மருமகளுக்கு இத்தனை சட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்றதெல்லாம் முடித்துவிட்டார். கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் டெல்லியில் குவார்ட்டர்ஸ். நானும் பிள்ளையும் கூடவே போகலாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவருடைய அண்ணன் செபாஸ்டின் அத்தான் வீட்டில்தான் இருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு டெல்லி வேண்டும். என் அடுப்பு, என் கதவு, என் புருஷன் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதனால் அவருடைய பயிற்சிக்கு நானே துணையாக நின்றேன். பின்கட்டில் பித்தளை அண்டா ஒரு மலை, உரல் ஒரு மலை, நடுவே இருக்கிற சந்துதான் பள்ளத்தாக்கு. சந்தின் கடைசியில் விரித்த பாய் ரன்வே. பாதி வழியில் அம்மி. அம்மிக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே ரன்வே கண்ணில் பட்டுவிட வேண்டும். படாவிட்டால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். அம்மியைத் தாண்டிவிட்டால் திரும்ப இடம் கிடையாது. கீழே பார்த்து ஏமாற்றக்கூடாது என்பதற்காக நெஞ்சுக்கு நேரே, அரிசி புடைக்கிற சுளகைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சோதனை போடுகிற கேப்டன் நான். வலது பக்கத்தில் நடந்துகொண்டே, என் இஷ்டத்துக்கு "தெரியுது" என்றோ "தெரியல" என்றோ சொல்வேன். "தெரியல" என்ற உடனே சுளகும் ஆளும் திரும்பிவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இதற்கு நடுவில்தான் பிள்ளைக்குச் சங்கு வேண்டியிருந்தது. இந்தக் குடும்பத்தில் பிறக்கிற தலைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கை அப்பன்தான் கடலில் முங்கி எடுத்து வர வேண்டும். செபாஸ்டின் அத்தான் சங்கு குளிக்கிறவர். தானே எடுத்துத் தருவதாகத்தான் சொன்னார்.

"ஏலே, நீ முங்கி எத்தன வருசமாச்சு? நான் எடுத்துத் தாரேன்."

"எம் பிள்ளைக்கு நான் எடுக்காம யாரு எடுப்பா?" என்றார் இவர்.

"சளி கிடக்கு, போகாதிங்க" என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. கண் சிவந்து, வாயெல்லாம் பல்லாக, உள்ளங்கை அளவுச் சங்கோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து வலது காதில் பஞ்சு. கேட்டால், தண்ணீர் போயிருக்கிறது என்றார். கூப்பிட்டால் முகத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சரியாகப் படவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தானிடம் போய்க் கேட்டேன்.

"பயப்படாத செல்வி. காதுக்குள்ள சவ்வு உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் சந்தோஷமாக. "நல்லெண்ணெயக் காய்ச்சி நான்தான் விட்டேன். எங்க எல்லாருக்கும் சின்னதுலயே உடைஞ்சது. உடைஞ்ச பொறவு எம்புட்டு ஆழம் போனாலும் வலிக்காது. இப்பத்தாம்லா அவன் நம்ம ஆளு."

தெருவில் நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். அவர்கள் இவரை முதுகில் தட்டிச் சிரித்தார்களாம். கடலுக்குள் போகிறவனுக்கு அது நல்ல சகுனம். மலைக்கு மேலே போகிறவனுக்கு என்ன என்று அந்தத் தெருவில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. சாயங்காலம் இவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"டாக்டர் காதைப் பாப்பாரா?"

"வருசத்துக்கு ஒருக்காத்தான் உள்ள விட்டுப் பாப்பாங்க. இப்ப, சளி உண்டா, வலி உண்டான்னு வாயாலதான் கேப்பாங்க. இல்லன்னா இல்ல."

"உண்டே."

"ஏளா, இடது காது நல்லாத்தான கேக்கு? இந்த வாட்டி விட்டா அந்த இடத்துக்கு வேற ஆளு காத்துக்கிடக்கான். உனக்கு டெல்லி வேண்டாமா?"

வேண்டும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மேல் கோபம், சங்கின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே என் மேலேயே கோபம். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அவர் கிளம்புகிற நாளும் வந்தது. மெட்ராஸ் ரயிலுக்கு நேரம் இருந்தது. அத்தான் குதிரைவண்டி பிடித்துவரப் போயிருந்தார். இவருக்கோ உட்கார முடியவில்லை. சட்டை போட்டார், கழற்றினார், பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம்" என்று சுளகை எடுத்தார்.

ரன்வே பாயின் ஓரத்தில் பிள்ளை கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் வலது பக்கம் போய் நின்றேன். "தெரியுது" என்று சொல்லி அனுப்பிவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் நடக்க ஆரம்பித்ததும், அவருக்குப் பின்னால் விமானம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றிவிட்டது. அதில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தியாவது இருப்பாள்.

"தெரியல. திரும்புங்க" என்றேன், வீட்டில் பேசுகிற குரலில்.

திரும்பவில்லை. அம்மி வந்தது. மறுபடியும் சொன்னேன். அம்மியைத் தாண்டினார். நான் சொல்லுவேன் என்று என் பக்கம் லேசாகச் சாய்ந்து, எதிர்பார்த்துக்கொண்டே நடந்தார். முழங்கால் அண்டாவில் மோதியது. அது கவிழ்ந்து, பெருஞ்சத்தத்தோடு உருண்டுபோய்ப் பாயில் ஏறி, பிள்ளையின் தலைமாட்டில் நின்றது.

பிள்ளை வீறிட்டது. சுளகை எறிந்துவிட்டு ஓடிப்போய் அள்ளி எடுத்தார்.

"நீ ஒண்ணுமே சொல்லலியே?"

"சொன்னேன்."

"எப்ப?"

"அம்மிக்கு இந்தப் பக்கமே சொன்னேன். பொறவும் சொன்னேன்."

அம்மியைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அந்த மனுஷன் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாசலில் அத்தான் குரல். "ஏலே இனிகோ, வண்டி வந்துட்டு. பெட்டிய எடு."

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பெட்டியை எடுக்கவில்லை.

"ஸ்டேசனுக்கு வேண்டாம்ணே. தந்தி ஆபீசுக்குப் போவோம்."

"தந்தியா? யாருக்கு?"

"கம்பெனிக்கு. காது உடைஞ்சிட்டுன்னு."

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உடைஞ்ச காதுக்கெல்லாமாலே தந்தி அடிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார்.

அவர்கள் தெருமுனை தாண்டினதும் அழுதேன். பயணக்காரர்களுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். டெல்லிக்காகத்தான் அழுதேன். அழுது முடித்து, நசுங்கிய அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஊருக்குப் போகவிருந்த ஆளுக்கும் சேர்த்து அரிசி களைந்தேன்.

திரும்பி வந்தவர் நடக்கவில்லை. பாயில் உட்கார்ந்தார். தேய்த்துக் கழுவி வைத்திருந்த சங்கில் பாலை ஊற்றி, பிள்ளைக்குப் புகட்டினார். நான் அவருடைய வலது பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக ஒன்று சொன்னேன்.

"என்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லேன்."

"மாட்டேன்" என்றேன், அவருக்குக் கேட்கும்படி. "இங்கனதான் இருப்பேன். அந்தக் காதுக்குக் கேக்குற வரைக்கும் தினமும் சொல்லுவேன்."